அருவ ஓவியம்: சொல்லும் வகுப்பறைப் பொருளும்

கண்ணால் காணும் பொருள்களை அப்படியே வரைந்துகாட்டாத ‘அப்ஸ்ட்ராக்ட் ஆர்ட்’ என்பதைத் தமிழில் அருவ ஓவியம், அரூப ஓவியம், நவீன ஓவியம் என்று பலவாறு எழுதுகிறோம். கடைசிச் சொல்லை முதலிலேயே விலக்கிவிடலாம். நவீன ஓவியம் என்பது ஒரு காலத்தைச் சுட்டும் பெயர், அதில் மனித உருவங்களும் நிலக்காட்சிகளும் தாராளமாக உண்டு.

அப்ஸ்ட்ராக்ட் என்பதன் மூலம் ‘அப்ஸ்ட்ராஹெரே’ என்னும் லத்தீன் வினை. ஒன்றிலிருந்து ஒரு பகுதியை இழுத்துப் பிரித்தெடுத்தல் என்பது அதன் வேர்ப்பொருள். அரூபம் என்ற வடசொல்லும் அதன் தமிழ் வடிவமான அருவமும் உருவமின்மையைக் குறிக்கின்றன. அதாவது, லத்தீன் சொல் செயலைச் சொல்ல, நம் சொல் விளைவைச் சொல்கிறது. பெரியவர்களுக்கு இது பொருட்டல்ல. ஆனால் ‘உருவம் இல்லாத படம் வரையுங்கள்’ என்று ஆசிரியர் சொல்லக் கேட்ட குழந்தை, வண்ணத்தைத் தாளில் அப்பித் தேய்த்துவிட்டு ‘முடித்துவிட்டேன்’ என்று நீட்டினால், அதில் குழந்தையின் பிழை ஏதுமில்லை.

ஆகவே வகுப்பில் வேர்ப்பொருளிலிருந்து தொடங்குவதே நல்லது. பிக்காசோ 1945 டிசம்பரில் தொடங்கி அடுத்த மாதம் முடித்த ‘காளை’ என்னும் கல்லச்சு (கல்லில் வரைந்து தாளில் அச்சிடும் முறை) வரிசையில் 11 நிலைகள் உள்ளன. சதைப்பற்றோடு நிற்கும் விலங்கு, கடைசி நிலையில் ஒருசில கோடுகளாகச் சுருங்கிவிடுகிறது. இதைக் காட்டியபின், ஒரு நாற்காலியை நான்கு முறை வரையச் சொல்லி, ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒன்றைக் கைவிடச் சொல்லலாம். முதலில் நிழல் போகும், பிறகு மரத்தின் வரிகள் போகும். நான்காவது தாளில் ஒரு குழந்தை சாய்மானத்தின் சாய்கோட்டை மட்டும் வைத்திருக்கும், இன்னொன்று கால்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை மட்டும் வண்ணமிட்டிருக்கும். எதை விட்டாய், எதை வைத்தாய் என்று அப்போது கேட்பதே உண்மையான பாடம்.

காளை, நாற்காலி போன்ற எந்தப் பொருளிலிருந்தும் தொடங்காத ஓவியங்களும் உண்டு. ரஷ்ய ஓவியர் மாலெவிச் 1915இல் காட்சிக்கு வைத்த ‘கருஞ்சதுரம்’ எதனுடைய சுருக்கமும் அன்று. அங்கே அருவம் என்ற சொல் லத்தீன் சொல்லைவிடக் கச்சிதமாகப் பொருந்துகிறது. (கோட்டையும் நிறத்தையும் பரப்பையும்விடப் பருண்மையானது, அதாவது கண்கூடானது, எதுவுமில்லை என்று 1930இல் வாதிட்ட டச்சு ஓவியர் வான் டூஸ்பர்க், இத்தகைய கலையைப் ‘பருண்மைக் கலை’ என்றே அழைத்தார்.) இங்கே ‘இது என்ன?’ என்ற கேள்வி பயன்படாது. எந்த நிறம் கனமாகத் தெரிகிறது, எது முன்னே வருகிறது என்றுதான் கேட்க வேண்டும்.

பொதுப்பெயராக அருவ ஓவியம் என்பதையே கொள்ளலாம். ஆனால் காளைக்கும் நாற்காலிக்கும், சைவ சித்தாந்தம் லிங்க வடிவத்துக்குச் சொல்லும் ‘அருவுருவம்’ (அருவமும் உருவமும் சேர்ந்தது) இன்னும் நெருக்கமான சொல். ‘அருவுருவ ஓவியம்’ என்று வகுப்பில் தயங்காமல் சொல்லலாம்.