ஃபியூஸைப் பிடுங்கிய பிறகும் லைனில் கரண்ட்

போன வாரம் காற்றில் அறுந்த கம்பியை இழுத்துக் கட்டப் போனோம். போஸ்டில் லைனைத் துண்டிக்கிற ஏபி ஸ்விட்சைத் திறந்தாயிற்று, லைன் கிளியரும் (கரண்ட் நிறுத்தியாயிற்று, வேலை செய்யலாம் என்ற அனுமதி) வாங்கியாயிற்று. போஸ்டில் ஏறிய தம்பி கம்பியைத் தொடுவதற்கு முன்னால், கரண்ட் இருந்தால் கத்துகிற டிடெக்டரை நீட்டினான், அது வீல் என்று கத்தியது. கீழே நின்ற எனக்கு வயிறு கலங்கிவிட்டது. தேடிக்கொண்டு போனால், நாலு போஸ்ட் தள்ளி ஒரு வீட்டு வாசலில் ஜெனரேட்டர் ஓடுகிறது. அதிலிருந்து வந்த வயர் நேராகச் சுவரிலுள்ள பிளக் பாயின்ட்டில் செருகியிருக்கிறது, இரண்டு முனையிலும் பின் நீட்டிக்கொண்டிருக்கிற அந்தப் பாழாய்ப்போன வயர். ஜெனரேட்டர் கரண்ட் அதன் வழியாக வீட்டு வயரிங்கில் ஏறி, லைனுக்கே திரும்பி வந்திருக்கிறது. இந்த வருஷத்தில் இது எனக்கு மூன்றாவது.

"ரெண்டு கிலோவாட் ஜெனரேட்டர்தானே சார், அது போய் ஹெச்டி லைனை என்ன பண்ணும்?" என்று கேட்டார் வீட்டுக்காரர். ஹெச்டி என்றால் 11,000 வோல்ட் கம்பி. எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள். ஐயா, டிரான்ஸ்ஃபார்மருக்கு எது வரும் வழி, எது போகும் வழி என்றெல்லாம் தெரியாது. 11,000 வோல்ட்டை 230 ஆக இறக்குகிற அதே பெட்டி, நீங்கள் 230-ஐக் கொடுத்தால் அந்தப் பக்கம் ஏறக்குறைய 11,000-ஆக ஏற்றித் தள்ளும். ஜெனரேட்டர் சின்னது என்பதால் வோல்டேஜ் குறையாது. "ஊர் லோடு மொத்தமும் ஏறினால் அதுவே நின்றுவிடாதா?" என்பார்கள். லைன் முழுசாக இருந்தால் நின்றுவிடும்தான். ஆனால் கம்பி அறுந்தோ, நாங்கள் ஸ்விட்சைத் திறந்தோ லைன் துண்டுபட்ட பிறகு, உங்கள் பக்கம் மிச்சமிருப்பது ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் நாலைந்து வீடும்தானே? அதைச் சின்ன ஜெனரேட்டரே சுமந்துவிடும். அப்படியே நின்றாலும், நிற்பதற்கு முந்தைய அந்த ஒரு நொடியில் கம்பியில் என் ஆளின் கை இருக்கும்.

"மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் போடுறேன்" என்பவர்களுக்கும் சொல்கிறேன்: இருட்டில், அவசரத்தில், ஒருநாள் மறப்பீர்கள். ஒரு வயரை மட்டும் துண்டிக்கிற சிங்கிள் போல் மெயின் என்றால், ஆஃப் செய்தாலும் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகிற வயர்) வெளி லைனோடு சேர்ந்தேதான் இருக்கும்.

ஜெனரேட்டர் வைத்திருந்தால் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் (லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றைத்தான் வீட்டோடு சேர்க்கும்) போடுங்கள், நியூட்ரலையும் சேர்த்து மாற்றுகிற மாதிரி. த்ரீ ஃபேஸ் என்றால் நாலு வயரையும் மாற்றுகிற ஃபோர் போல். அதையும் தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். அந்த இரட்டை பிளக் வயரை இன்றைக்கே வெட்டிப் போடுங்கள், தயவுசெய்து.

ஜெனரேட்டரே இல்லாத இடத்திலும் இது நடக்கும். ஒரு ஃபேஸ் போன பிறகும் மீதி இரண்டில் ஓடிக்கொண்டிருக்கிற பம்ப் மோட்டார், செத்த ஃபேஸுக்கு வோல்டேஜைத் திருப்பி அனுப்பும். ஹெச்டி கம்பி அறுந்து விழுந்தால், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துத் துண்டிலும் மற்ற ஃபேஸ்கள் வழியாகச் சுற்றிக்கொண்டு கரண்ட் வரும், சப்ஸ்டேஷனில் டிரிப் ஆகாமலே போகலாம். அதனால் ஊரே இருட்டாக இருந்தாலும் விழுந்து கிடக்கிற கம்பியின் பக்கமே போகாதீர்கள், குச்சியால்கூடத் தள்ளாதீர்கள், காவலுக்கு ஓர் ஆளை நிறுத்தி யாரையும் நெருங்கவிடாமல் எங்களைக் கூப்பிடுங்கள்.

லைனில் வேலை செய்கிற நம் பசங்களுக்கு: லைன் கிளியர் கையில் இருக்கிறது என்பதற்காகக் கம்பியைத் தொடாதே. டிடெக்டரை முதலில் உயிருள்ள லைனில் காட்டி, அது கத்துகிறதா என்று பார். பிறகு வேலை செய்யும் கம்பியில் காட்டு, கத்தக்கூடாது. அப்புறம் வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் ராடு (கம்பியை மண்ணோடு இணைப்பது), ஒரு பக்கம் மட்டும் போதாது. மண் பக்க கிளாம்ப் முதலில், கம்பி பிறகு. கழற்றும்போது கம்பிதான் முதலில்.