தலைவி கூற்றை மகளின் வாக்குமூலமாக வாசிக்காதீர்கள்

கல்லூரியில் இளங்கலை மாணவர்களுக்குத் தமிழ் எழுத்துப் பயிற்சி நடத்தும் ஆசிரியர் என்ற முறையில், பெற்றோரையும் விடுதிக் காப்பாளர்களையும் உடன் பணிபுரியும் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இந்தப் பருவத்திலும் ஒரு மாணவி வகுப்புக்கு வருவது நின்றுவிட்டது. வகுப்பில் படித்த குறுந்தொகைப் பாடலுக்கு அவர் தம் குறிப்பேட்டில் எழுதியிருந்த எதிர்வினையை, விடுமுறைக்கு ஊருக்குச் சென்றபோது வீட்டில் எடுத்துப் படித்திருக்கிறார்கள். ஊரே உறங்குகிறது, எனக்கு மட்டும் உறக்கமில்லை என்ற பொருளில் சில வரிகள் இருந்ததால், ‘யாரை நினைத்து எழுதினாய்’ என்று விசாரணை தொடங்கி, கைப்பேசியைப் பிடுங்கி வைத்து, படிப்பைத் தொடரலாமா வேண்டாமா என்று உறவினர்கள் கூடிப் பேசும் அளவுக்கு வந்து நிற்கிறது. இதற்கு முன்னும் இப்படி நடந்திருக்கிறது. சக ஆசிரியர்களும் இதே கதையைச் சொல்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் விளக்கி மாளவில்லை.

அந்தப் பாடல் ஔவையார் பாடியது, குறுந்தொகையில் 28ஆவது. ‘முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்’ என்று தொடங்கும் ஐந்தே அடிகளில், தன் நோயை அறியாமல் துஞ்சும் ஊரைப் பார்த்து, முட்டுவதா, தாக்குவதா, வாய்விட்டுக் கூவுவதா என்று தலைவி தவிக்கிறாள். அதே தலைவி இன்றைய இரவொன்றில் பேசுவதாகப் பத்து வரி எழுத வேண்டும் என்பது நான் கொடுத்த பயிற்சி. அந்த மாணவி தலைவியை விடுதியறைக்குக் கொண்டுவந்தார். பாடலில் அவளை அலைக்கழிக்கும் அசைவளி இருந்த இடத்தில் மின்விசிறிக் காற்றை வைத்தார். துஞ்சும் ஊர் இருந்த இடத்தில் பக்கத்துக் கட்டில்களில் உறங்கும் தோழிகளை வைத்தார். மூலப்பாடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் தம் உலகத்திலிருந்து இணையான ஒன்றைத் தேடிப் பொருத்திய, பாராட்டுக்குரிய எழுத்து அது. வீட்டில் அதைக் குற்றத்துக்கான சான்றாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

‘நான் என்றுதானே அவள் எழுதியிருக்கிறாள்’ என்பதுதான் பெற்றோர் என்னிடம் தவறாமல் சொல்லும் வாதம். இந்த எண்ணத்திலிருந்துதான் மற்ற எல்லாத் தீங்கும் புறப்படுகின்றன என்பதால், இதை எத்தனை முறை வேண்டுமானாலும் விளக்கத் தயாராக இருக்கிறேன். கவிதையில் ‘நான்’ என்று வருவது, அந்தக் கவிதைக்குள் பேசுகிறவரைக் குறிக்கும். எழுதியவரைக் குறித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. நம் அக இலக்கியம் முழுவதும் இந்த அடித்தளத்தின் மீதுதான் நிற்கிறது. குறுந்தொகை 25ஆம் பாடலில், தலைவன் தன்னோடு கூடிய நாளில் சாட்சி யாரும் இல்லை, அவன் ஒருவன்தான் இருந்தான், அவனே பொய்த்தால் நான் என்ன செய்வேன், ஓடுகிற நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த குருகு மட்டும் அங்கே நின்றது என்று ஒரு பெண் கலங்குகிறாள். அதைப் பாடியவர் கபிலர். உம்மை ஏமாற்றியவன் யார் என்று கபிலரை இந்த 2000 ஆண்டுகளில் யாரும் கேட்டதில்லை. நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் நாயகி பாவத்தில், அதாவது தம்மைக் காதலியாகப் பாவித்து நின்று பாடிய பாசுரங்களைக் கோயில்களில் ஓதுகிறோம். பாரதியார் ‘கண்ணன் – என் காதலன்’ பாடல்களில் பெண்ணாக நின்றுதான் ஏங்குகிறார். தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று பள்ளித் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய தலைமுறைகள்தான் நாம் எல்லோரும். பாடநூலில் அச்சாகி வந்தால் புரிகிற ஒரு செய்தி, மகளின் கையெழுத்தில் வந்தவுடன் புரியாமல் போவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நான் பார்த்தவரை, இந்த விசாரணைக்கு ஆளாகிறவர்கள் எப்போதும் பெண்கள்தான். அதே வகுப்பில் அதே பாடலுக்கு மாணவன் ஒருவன் எழுதிய வரிகளை அவனுடைய வீட்டார் பெருமையாக உறவினர்களுக்கு அனுப்பியிருந்தார்கள்.

சரி, ஒரு வேளை அது அவளுடைய சொந்த அனுபவமாகவே இருந்துவிட்டால்? அப்போதும் 19 வயதுப் பெண்ணின் மனத்தில் ஒரு விருப்பம் இருப்பது அவசர நிலை ஆகாது. அவளோடு உட்கார்ந்து பேச வேண்டிய செய்தியாக அது இருக்கலாம். பையைத் திறந்து துப்புத் துலக்க வேண்டிய செய்தி அன்று.

இப்படிக் குறிப்பேட்டைப் பிடுங்குவதால் என்ன போகிறது என்று நினைப்பவர்களுக்கு, அதன் பிறகு வகுப்பில் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன். ஒரு முறை இப்படி ஆன மாணவி மீண்டும் உண்மையான ஒரு வாக்கியத்தை எழுதுவதில்லை. ‘இக்கவிதை வாயிலாகக் கவிஞரின் சமூக அக்கறை நன்கு புலனாகிறது’ என்று பக்கத்தை நிரப்பிக் கொடுத்துவிடுகிறார். செய்தி பரவியதும் பக்கத்து இருக்கையில் இருப்பவரும் அப்படியே எழுதத் தொடங்குகிறார். எந்தக் கவிதைக்கும் பொருந்துகிற, எந்தக் கவிதையையும் படிக்காமலே எழுதக்கூடிய வாக்கியங்கள் இவை. ஆங்கில இலக்கியத் திறனாய்வாளர் ஐ.ஏ.ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் எழுதியவர் பெயரை மறைத்துக் கவிதைகளை மாணவர்களுக்குக் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்த கருத்துகளை ஆராய்ந்து 1929இல் நூலாக வெளியிட்டபோது, முன்கூட்டியே தயாராக இருக்கும் எதிர்வினைகள் கவிதையைப் படிக்கவிடாமல் தடுப்பதை ஒரு பெரிய இடையூறாகக் குறிப்பிட்டார். அங்கே அந்த வாக்கியங்கள் பழக்கத்தால் வந்தன. இங்கே பழக்கத்தோடு பயமும் சேர்ந்துகொள்கிறது.

உண்மையான எதிர்வினை எப்படி இருக்கும் என்பதற்குப் புறநானூறு 112ஆம் பாடலைத்தான் நான் எப்போதும் எடுத்துக்கொள்கிறேன். பாரி மகளிர் பாடிய கையறுநிலைப் பாடல், அதாவது இழப்பின் துயரைச் சொல்லும் பாடல் அது. ‘அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்’ என்று தொடங்கி, அன்று தந்தையும் இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது, இன்று குன்றையும் கொண்டார்கள், தந்தையும் இல்லை என்று ஐந்து அடிகளில் முடிந்துவிடுகிறது. எதையும் விளக்காமல் மூன்று முறை படித்துவிட்டு, உங்களை நிறுத்திய சொல் எது என்று மட்டும் கேட்பேன். முதலில் ‘எந்தை’ வருகிறார், கடைசியிலும் ‘எந்தை’தான் வருகிறார், பறிபோன குன்று நடுவில் கிடக்கிறது, ஆகவே இது நாட்டை இழந்த பாட்டு அன்று, அப்பாவை இழந்த பாட்டு என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். அழுகை என்ற சொல்லே பாட்டில் இல்லை என்று இன்னொருவர் கவனித்திருந்தார். அப்பாவை இழந்த மாணவர்கள் ஏறத்தாழ எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் அன்று எதுவுமே எழுத மாட்டார்கள். வெற்றுப் பக்கத்தையும் ஓர் எதிர்வினையாக ஏற்றுக்கொள்ளத் தெரியாதவர் இந்த வகுப்பை எடுக்கக் கூடாது என்பது என் திடமான கருத்து.

இப்போது உடன் பணிபுரியும் ஆசிரியர்களிடம் வருகிறேன். பெற்றோரை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. எதிர்வினைக் குறிப்பேட்டில் சிவப்பு மையால் சந்திப்பிழை திருத்தாதீர்கள். அதற்குக் கட்டுரை இருக்கிறது, தேர்வுத்தாள் இருக்கிறது. தந்தை இறந்த இரவைப் பற்றி எழுதிய வாக்கியத்தில் விடுபட்ட வல்லின ஒற்றைச் சுழித்துக் காட்டினால், அந்த மாணவர் இலக்கணத்தையும் கற்க மாட்டார், மீண்டும் எழுதவும் மாட்டார். அகமதிப்பீட்டு மதிப்பெண் போட்டே ஆக வேண்டிய கட்டாயம் இருந்தால், எழுதிக் கொடுத்தாரா இல்லையா என்பதற்குப் போடுங்கள். எவ்வளவு மனம் திறந்து எழுதினார் என்பதற்குப் போடாதீர்கள், ஏனெனில் மதிப்பெண்ணுக்காகத் துயரத்தைப் புனைந்து எழுதும் பழக்கத்தை நாமே உண்டாக்கிவிடுவோம். நன்றாக எழுதியிருக்கிறாரே என்ற மகிழ்ச்சியில்கூட, கேட்காமல் வகுப்பில் உரக்கப் படிக்க வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில் படமெடுத்துப் போட வேண்டாம், ஆசிரியர் அறையில் கைமாற்ற வேண்டாம். தரமதிப்பீட்டுக் குழு வருகிறதென்று மாணவர் பெயரும் பதிவெண்ணும் தெரிய இந்தப் பக்கங்களை நகலெடுத்துக் கோப்பில் வைக்கும் வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. பயிற்சியின் பெயரையும் தேதியையும் வைத்தாலே போதும். பக்கங்களை வைக்க வேண்டியதில்லை.

எழுதினால் பாரம் இறங்கிவிடும் என்று நம்பி, கட்டாயப்படுத்தி எழுத வைப்பவர்கள் இருக்கிறார்கள். உளவியல் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் நான்கு நாள், நாளொன்றுக்கு 15 நிமிடம் தங்கள் வாழ்வில் மனத்தைப் புண்படுத்திய நிகழ்வைப் பற்றி எழுதினார்கள். நடந்ததையும் அதனால் தோன்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் கல்லூரி மருத்துவமனைக்குக் குறைவாகவே சென்றார்கள். இதை மேற்கோள் காட்டுகிறவர்கள், எழுதிய உடனே அவர்களின் மனநிலை மோசமாக இருந்தது என்ற மறுபாதியை விட்டுவிடுகிறார்கள். வகுப்பறைக்கு அந்த மறுபாதிதான் முக்கியம். எனவே வெள்ளிக்கிழமை கடைசி மணி நேரத்தில் இழப்பைப் பற்றி எழுதச் சொல்லிவிட்டு மாணவர்களைப் பேருந்துக்கு அனுப்பாதீர்கள். எழுதி முடித்த பிறகு வேறொரு பாடலைச் சேர்ந்து படிக்கவாவது கொஞ்ச நேரம் மிச்சம் வையுங்கள். தனிப்பட்ட அனுபவத்தைத் தொடாமலே முடிக்கக்கூடிய இன்னொரு பயிற்சியையும் எப்போதும் கூடவே கொடுங்கள்.

இதைவிடக் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ‘நீங்கள் எழுதுவதை நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று மாணவர்களிடம் வாக்குக் கொடுக்காதீர்கள், ஏனெனில் அதை உங்களால் எப்போதும் காப்பாற்ற முடியாது. முதலாண்டில் சேர்கிறவர்களில் 18 வயது நிறையாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எதிரான பாலியல் குற்றம் ஒன்று தெரியவந்தால், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது தெரிந்துகொண்ட ஒவ்வொருவரின் கடமை. தெரிவிக்காமல் இருப்பது தண்டனைக்குரியது. அதேபோல, சாவதைப் பற்றி எழுதியிருந்தால், அது பாடலில் வரும் பாத்திரத்தின் குரலாக இருப்பதற்கும் வாய்ப்பு உண்டு என்பதால் அலறக் கூடாது, அதே காரணத்தைச் சொல்லிக் கடந்துபோகவும் கூடாது. தனியாக அழைத்து, இது அந்தப் பாத்திரம் சொல்வதா, உங்களுக்கே இப்படித் தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது. தமக்கே அப்படித் தோன்றுகிறது என்றால் அவரைத் தனியே விடாமல், கல்லூரி மனநல ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ கூடவே செல்லுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416 நாள் முழுவதும் கட்டணமின்றி இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். எவற்றை நான் மேலே தெரிவித்தே ஆக வேண்டும் என்பதைப் பருவத்தின் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவது என் வழக்கம். சொன்ன பிறகு மாணவர்கள் எழுதுவதைக் குறைத்துக்கொள்வார்கள் என்று அஞ்ச வேண்டாம். எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள்தான் நிம்மதியாக எழுதுகிறார்கள்.

விடுதிக் காப்பாளர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அறைச் சோதனையில் குறிப்பேடு கண்ணில் பட்டால் மூடி வைத்துவிடுங்கள்.

பெற்றோரே, மகளின் எழுத்தைப் படிக்க விரும்புவதில் தவறில்லை. அவளிடம் கேட்டுப் படியுங்கள். அவள் காட்டினால், யாரைப் பற்றி என்று கேட்காமல், எந்தப் பாட்டுக்கு எழுதினாய், அந்தப் பாட்டை எனக்குப் படித்துக் காட்டு என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், மகள் படித்துக் காட்டிய குறுந்தொகைப் பாடலைக் கேட்டுவிட்டு, தம் திருமணத்துக்குப் பிறகான முதல் சில மாதங்களைப் பற்றி முதன்முறையாக மகளிடம் பேசினார். அவள் காட்ட மறுத்தால் அந்த மறுப்பை ஏற்றுக்கொள்ளுங்கள். உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

மாணவர்களே, நீங்களும் சில முன்னெச்சரிக்கைகளை எடுத்துக்கொள்ள வேண்டும். அகத்திணையில் ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’, அதாவது எவரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதித்திருப்பதை உங்கள் குறிப்பேட்டுக்கும் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். எவருடைய உண்மைப் பெயரையும், ஊரையும், தொலைபேசி எண்ணையும் எழுதாதீர்கள். அது உங்களையும் காக்கும், நீங்கள் குறிப்பிடும் மனிதரையும் காக்கும். ஒவ்வோர் எதிர்வினைக்கும் மேலே பாடலின் எண்ணையும், யாருடைய கூற்றாக எழுதுகிறீர்கள் என்பதையும், பயிற்சி கொடுக்கப்பட்ட தேதியையும் எழுதுங்கள். பயிற்சி இது என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டால் பாதித் தொல்லை அங்கேயே நின்றுவிடும். வகுப்புக்கான குறிப்பேட்டையும் உங்களுக்கே உரிய நாட்குறிப்பையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். ஆசிரியர் படிக்க வேண்டாம் என்று நினைக்கும் பக்கத்தை நெடுக மடித்துக் கொடுங்கள். என் வகுப்பில் மடித்த பக்கத்தை நான் திறப்பதில்லை, மற்ற ஆசிரியர்களிடமும் இந்த ஏற்பாட்டைக் கேட்டுப் பெறலாம். பருவம் முடிந்ததும் குறிப்பேட்டைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டு வாங்காத குறிப்பேடுகள் அலமாரியில் ஓராண்டு கிடந்துவிட்டுப் பழைய தாள் கடைக்கு எடைக்குப் போகின்றன. வாங்கிய பின் வைத்துக்கொள்வதும் கிழித்துப் போடுவதும் உங்கள் விருப்பம்.