நேராக விட்டதுதான் பிழை

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகனை வெள்ளவத்தையிலிருந்து கூட்டிக்கொண்டு கொழும்பில் உள்ள ஒரு பௌலிங் கூடத்துக்குப் போயிருந்தேன். லேன் என்ற பலகைப் பாதையில் பந்தை உருட்டி, மறுமுனையில் நிற்கும் பத்துக் கட்டைகளை, அதாவது பின்களை, வீழ்த்தும் ஆட்டம் அது. மருமகன் வலக்கைக்காரன். அவன் விட்ட பந்து பிசகாமல் நேரே போய் முதல் பின்னின் நடு நெற்றியில் அடித்தது. ஆனால் இரண்டு மூலைகளிலும் பின்கள் அசையாமல் நின்றன. "நேராத்தானே மாமா விட்டனான்" என்றான் பாவமாக. முன்பு போட்டிகளில் ஆடி, இப்போது பிள்ளைகளைப் பழக்குகிற ஒருவர் பக்கத்து லேனில் நின்றார். "நேரா விட்டதுதான் தம்பி பிழை" என்றார்.

அவர் சொன்னது முழுக்க முழுக்கப் பௌதிகவியல். பின்கள் முக்கோணமாக நிற்கும்: முன்னால் 1, அடுத்த வரிசையில் இடமிருந்து வலமாக 2, 3, பிறகு 4, 5, 6, கடைசியில் 7 முதல் 10 வரை. பத்துப் பின்களும் விழ, பந்து பத்தையும் தொட வேண்டியதில்லை. வலக்கைக்காரர் ஒருவரின் மிகச் சிறந்த அடியில் பந்து தொடுவது 1, 3, 5, 9 ஆகிய நான்கை மட்டும்தான். 1 போய் 2ஐத் தட்டும், 2 போய் 4ஐ, 4 போய் 7ஐ. மறுபக்கம் 3, 6, 10 என்று ஒரு வரிசை சரியும். 5 தன் பின்னால் நிற்கும் 8ஐச் சாய்க்கும். இந்தச் சங்கிலி அறாமல் இருக்க, பந்து 1க்கும் 3க்கும் நடுவே சுமார் 6 பாகைச் சரிவில் நுழைய வேண்டும். சரிவு குறைந்தால், 7 கிலோப் பந்தாக இருந்தாலும் ஒன்றரைக் கிலோப் பின்னில் பட்டு வெளியே விலகிவிடும், 5 தப்பிவிடும்.

சரி, ஓரத்தில் நின்று குறுக்கே விட்டால் அந்தச் சரிவு வராதா? வராது. லேன் 60 அடி நீளம், அகலமோ ஒரு மீற்றரை விடச் சற்றுத்தான் கூட. விளிம்பிலிருந்து விட்டாலும் நேர்கோட்டில் 2 பாகைகூடக் கிடைக்காது. ஆகவே பந்து வழியில் வளைந்தே ஆக வேண்டும்.

வளைப்பது உராய்வு. லேனின் முதல் 40 அடி அளவுக்கு எண்ணெய் பூசியிருப்பார்கள். மொத்தமே ஓரிரு மேசைக்கரண்டிதான் இருக்கும், எங்கள் கண்ணுக்கு வெறும் பளபளப்பு. கையை விட்ட பந்து அதில் உருளுவதில்லை, பக்கவாட்டில் சுழன்றபடி வழுக்குகிறது. பவுடர் போட்ட கரம் போர்டில் ஸ்ட்ரைக்கர் வழுக்குவது போல. எண்ணெய் முடிந்து காய்ந்த பலகை தொடங்கும் இடத்தில், பந்தின் அடிப்பகுதி போகும் திசையும் பந்து போகும் திசையும் ஒத்துப்போகாததால் உராய்வு அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. முரளியின் பந்து நிலத்தைக் கவ்வித் திரும்புமே, அதே கதைதான். சுழற்சியும் பயணமும் ஒன்றுபட்டதும் வழுக்கல் நின்றுவிடும், அதன்பின் பந்து நேரே உருளும். இவ்வளவும் இரண்டரை விநாடிக்குள் முடிகிறது.

இந்த ஒரே கணக்குக்குப் பெரிய வீரர்கள் வெவ்வேறு விடை கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் வோல்ட்டர் ரே வில்லியம்ஸ் பௌதிகவியல் பட்டதாரி. அதிகம் சுழற்றாமல், குறி தவறாமல் விடுவதையே நம்பி, பிபிஏ என்ற தொழில்முறைப் பௌலிங் சங்கத்தின் சுற்றில் 47 பட்டங்கள் வென்றார். கடைசிப் பட்டம் 2010இல், 50 வயதில். அவுஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மொண்டியோ இரண்டு கையாலும் விடுபவர். பெற்றோர் பௌலிங் கூடம் நடத்தினார்கள். குழந்தையாக இருந்தபோது ஒரு கையால் பந்தைத் தூக்க முடியாமல் பழகிய முறை அது. பெருவிரலைத் துளைக்குள் விடாததால் கடுமையான சுழற்சி கிடைக்கிறது. எனக்குப் பெல்மொண்டியின் பந்தைப் பார்க்கத்தான் ஆசை, ஆனால் வில்லியம்ஸின் நிதானம் இன்னும் வியப்பாக இருக்கிறது.

இருவருமே வெல்ல வேண்டியிருந்த எதிரி அந்த எண்ணெய்தான். அது ஓரிடத்தில் நிற்காது. ஒவ்வொரு பந்தும் தன் பாதையில் கொஞ்சத்தைத் துடைத்துக்கொண்டு போகும். முதல் ஆட்டத்தில் பத்தையும் ஒரேயடியாக வீழ்த்தி ஸ்ட்ரைக் தந்த அதே வீச்சு, மூன்றாவது ஆட்டத்தில் முன்கூட்டியே வளைந்து இடப்பக்கம் போய்விடும். கை மாறவில்லை, லேன் மாறிவிட்டது. போட்டி ஆடியவருக்கு இது வருடக்கணக்கில் உடம்பில் ஊறிய அறிவு. அதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் பயிற்றுநரின் கடினமான வேலை என்று நினைக்கிறேன்.

அன்று அந்தப் பக்கத்து லேன்காரர் மருமகனின் கையைத் திருத்தவே இல்லை. திரும்பி வந்த பந்தைத் தூக்கி, அதில் வளையமாக ஒட்டியிருந்த எண்ணெய்க் கோட்டைக் காட்டினார். "இதுதான் நீ உருட்டின இடம். ஒவ்வொரு முறையும் பார், பிறகு துடை." அப்புறம் ஒரேயொரு விதி: பந்து இடப்பக்கம் தவறினால் நீயும் இடப்பக்கம் நகர்ந்து நில். கால் இரண்டு பலகை, லேனில் குறியிட்டிருக்கும் அம்புகளில் நீ கண் வைக்கும் இடம் ஒரு பலகை. லேனில் மொத்தம் 39 பலகைகள், எண்ணிப் பழகு.

"சரி சேர்" என்றான் மருமகன். மூன்றாவது ஆட்டத்தில் பந்து முதல் பின்னின் மூக்கில் அடித்தபோது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பந்தைத் துடைத்தான், காலடியைப் பார்த்து வாய்க்குள் எண்ணி, இரண்டு பலகை தள்ளி நின்றான்.