மகஜர்: யார் முன்னிலையில்?

திருகோணமலையில் ஒரு கவனயீர்ப்புப் போராட்டம் எப்படி முடியும் என்பதைப் பத்திரிகை வாசிக்கிறவர்கள் அங்கே போகாமலே சொல்லிவிடுவார்கள். "இறுதியில் மாவட்டச் செயலாளரிடம் மகஜர் கையளிக்கப்பட்டது." காணி விடுவிப்பானாலும், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் வீதிக்கு வந்தாலும், கரைவலைக்காரர் தொழில் செய்யும் இடம் பறிபோனாலும் செய்தியின் கடைசி வரி இதுதான். இவ்வளவு புழங்கும் சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், 'மகாஜனர்' என்பதன் சுருக்கம் என்று பதில் வரும். பொதுமக்கள் கொடுப்பதால் மகாஜனர், அது தேய்ந்து மகஜர். சிங்களத்திலும் 'மஹஜன' என்றால் பொதுமக்கள்தான் என்பதால் இந்த ஊகம் இங்கே இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்கிறது. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் பிழை.

மகஜர் அரபுச் சொல். அரபில் 'மஹ்ழர்' என்றால் முன்னிலை. அதிலிருந்து, ஆட்கள் கூடியிருக்க அவர்கள் முன்னிலையில் எழுதப்பட்ட பதிவு என்ற பொருள் கிளைத்தது. வேர்ச்சொல்லின் கருத்து 'வந்திருத்தல்'. நீதிமன்றத்தில் ஒருவர் ஆஜரானார் என்கிறோமே, அந்த ஆஜர் இதே வேரில் பிறந்தது. மார்க்க அறிஞர்களை மரியாதையாக அழைக்கும் ஹஸ்ரத்தும் அப்படித்தான்.

அது எந்த வழியாகத் தமிழுக்கு வந்தது என்பதை நடுவிலுள்ள ஜகரமே காட்டிக்கொடுக்கிறது. கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்பு மாதத்தை 'றமழான்' என்று எழுதுவார்கள். தமிழ்நாட்டு நாட்காட்டியில் அதே மாதம் 'ரம்ஜான்'. இரண்டிலும் இருப்பது 'ழாத்' என்ற ஒரே அரபு எழுத்துத்தான். அரபியிலிருந்து நேரே எடுத்தவர்கள் அதை ழகரமாக்கினார்கள். பாரசீகமும் உருதுவும் வழியாக வந்தால் அது ஜகரமாகிறது. மரக்கல வணிகரிடமிருந்து கடல்வழியே வந்திருந்தால் நாம் இன்று 'மகழர்' கையளித்துக்கொண்டிருப்போம். ஜ இருப்பதால், இது பாரசீகம் எழுதிய தர்பார்களின் அலுவலகச் சொல். திருகோணமலைக் கோட்டையை 1795இல் பிடித்த கிழக்கிந்தியக் கம்பனி, தொடக்க ஆண்டுகளில் இலங்கையின் கரையோரத்தைச் சென்னையிலிருந்தே நிர்வகித்தது. கச்சேரி (அரச அலுவலகம்) போன்ற சொற்கள் இங்கே நுழைவதற்கு அது வசதியான வாசல்.

கடலுக்கு அந்தப் பக்கம் இச்சொல்லின் வாழ்க்கை வேறு. தமிழ்நாட்டில் மகஜர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பொலிஸ். ஒரு பொருளைக் கைப்பற்றும்போதோ சம்பவ இடத்தைப் பார்வையிடும்போதோ, சாட்சிகள் முன்னிலையில் எழுதி அவர்களிடம் கையொப்பம் வாங்கும் தாள் அது. அங்குள்ள நண்பருக்கு "மகஜர் கொடுத்தோம்" என்று எழுதினால் வழக்கில் மாட்டிக்கொண்டீர்களோ என்று கேட்பார். அவர்களுக்கு எழுதும்போது 'கோரிக்கை மனு' என்று எழுதுவது நல்லது.

பழைய பொருளுக்கு நெருக்கமாக நிற்பது அவர்களுடைய மகஜர்தான். முன்னிலை, சாட்சி, கையொப்பம் மூன்றும் அதில் இருக்கின்றன. நம்முடைய மகஜரில் கையொப்பம் மிஞ்சியது; முன்னிலை என்ற கருத்து கழன்றுபோனது. திருமலையில் மகஜர்கள் கோப்புக்குள் போய்ப் படுத்துவிடுவதற்குப் பாதிக் காரணம் அந்தக் கழற்சிதான். அரசியல் மீதிப் பாதி.

இனி, தமிழில் என்ன சொல்வது? 'விண்ணப்பம்' என்று பலர் மாற்றுகிறார்கள். சோழர் கல்வெட்டுகளில் "விண்ணப்பஞ் செய்ய" என்று வரும் பழஞ்சொல்தான், ஆனால் அதுவும் 'விஜ்ஞாபன' என்ற வடசொல்லின் வழிவந்தது. தூய தமிழுக்காக மாற்றுகிறவர்களுக்கு இதில் இலாபம் இல்லை. அதைவிட, இன்று விண்ணப்பம் என்றால் ஒரு படிவத்தை நிரப்பி ஒரு சலுகையைக் கேட்பது. பறிக்கப்பட்டதைத் திருப்பிக் கேட்கிறவர் விண்ணப்பதாரர் ஆகிவிடக் கூடாது. 'முறைப்பாடு' என்ற சொல்லைப் பொலிஸ் நிலையம் எடுத்துக்கொண்டுவிட்டது. எஞ்சுவது முறையீடு. முறை என்றால் நீதி. "முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்" என்று குறள் சொல்வது அந்த முறையைத்தான். பலர் சேர்ந்து கொடுப்பதால் 'கூட்டு முறையீடு' என்பது சரியாகப் பொருந்தும். அநீதி நடந்த விடயத்துக்குக் கூட்டு முறையீடு, புதிய வீதியோ வைத்தியரோ கேட்பதற்குக் கோரிக்கை மனு என்று பிரித்து எழுதலாம். பேச்சில் மகஜர் இருந்துவிட்டுப் போகட்டும். மீன்வாடியிலும் கோயில் வாசலிலும் எல்லோருக்கும் விளங்கும் சொல்லை விரட்ட வேண்டிய தேவை இல்லை.

இதன் நெருங்கிய உறவுக்காரன் 'பெட்டிசம்'. இதுவும் மனுதான், ஆனால் பொருள் கறுத்துவிட்டது. "அவன் பெட்டிசம் அடிச்சுப்போட்டான்" என்றால், ஒருவர்மேல் மேலிடத்துக்குக் கோள் எழுதிவிட்டான் என்று அர்த்தம். மகஜரைப் பெட்டிசமாக்காமல் காப்பது, எழுதியவர்கள் பெயரோடும் முகத்தோடும் முன்னே நிற்பதுதான்.

அந்த முன்னிலையைத் தாளில் எப்படிக் கொண்டுவருவது? வழக்கமான பிழை கையொப்பத் தாளில் தொடங்குகிறது. கோரிக்கை ஒரு தாளில். கையொப்பங்கள் தலைப்பே இல்லாத கொப்பித் தாள்களில். இரண்டையும் இணைப்பது ஒரு ஸ்ரேப்ளர் கம்பி மட்டும். "வேறு எதற்கோ வாங்கிய கையொப்பம்" என்று ஒருவர் சொன்னால் மறுக்க வழியில்லை. கையொப்பத் தாள் ஒவ்வொன்றின் தலையிலும் கோரிக்கையை இரண்டு மூன்று வரியில் அச்சிட வேண்டும். கீழே தொடரிலக்கம், முழுப்பெயர், கிராம அலுவலர் பிரிவு, கையொப்பம், திகதி. ஏ4 தாளுக்கு 20 வரிக்கு மேல் வேண்டாம். நெருக்கினால் பெயர் வாசிக்க முடியாது. பக்கத்துக்கு 3/12 என்று இலக்கமிட்டால், நடுவில் ஒரு தாள் கழன்றால் தெரியும். கையொப்பமிடத் தெரியாதவரிடம் இடது பெருவிரல் அடையாளம் வாங்கி, பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு சாட்சி ஒப்பமிட வேண்டும். அடையாள அட்டை இலக்கத்தை அலுவலகப் பிரதியில் மட்டும் சேர்க்கலாம். ஊடகத்துக்கும் முகநூலுக்கும் போகும் பிரதியில் அது இருக்கவே கூடாது. காணாமல் ஆக்கப்பட்டோர் விடயத்தில் யார் ஒப்பமிட்டார்கள் என்ற பட்டியலே ஆபத்தாகலாம்.

சங்கத் தலைவர்கள் மட்டும் ஒப்பமிடும் வழக்கமும் உண்டு. கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம், கிராம அபிவிருத்திச் சங்கம், மீனவர் சங்கம் எல்லாவற்றின் றப்பர் முத்திரையும் இருக்கும். பெண்களின் பெயர் ஒன்றுகூட இராது. கணவர் பெயரில் இருந்த காணி அனுமதிப்பத்திரத்தை வைத்துக்கொண்டு தனியே குடும்பம் நடத்தும் பெண்களும், வெருகல், மூதூர்ப் பக்கத்தில் சங்கம் எதிலும் இடம் கிடைக்காத கடலோர வேடர் குடும்பங்களும் இப்படித்தான் தாளுக்கு வெளியே நிற்கிறார்கள். மகஜர் என்ற சொல்லின்படி பார்த்தால் அவர்கள் ஆஜராகவில்லை.

உள்ளடக்கத்தில் ஒரு தாள், ஒரு கோரிக்கை. காணி என்றால் கிராம அலுவலர் பிரிவு, ஏக்கர், பேர்ச்சஸ் கணக்கு (160 பேர்ச்சஸ் ஒரு ஏக்கர்), நில அளவைப் படத்தின் இலக்கம், எப்போதிருந்து எந்தத் திணைக்களம் மறிக்கிறது என்பது. வனப் பாதுகாப்பும் தொல்பொருளும் கொழும்பு மாவட்டத்தில் தலைமை கொண்ட திணைக்களங்கள். பிரதேச செயலாளரிடம் கொடுத்தால் அவர் அனுப்பிவைப்பார், அவ்வளவுதான். முகவரியில் உரிய திணைக்களத்தின் தலைவர் இருக்க வேண்டும், பிரதி மாவட்டச் செயலாளருக்கு. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்த பின் தேர்தல் நடக்காததால் மாகாண விடயங்கள் ஆளுநர் செயலகத்தில் குவிகின்றன.

மொழிபெயர்ப்பில் ஒரு குழி இருக்கிறது. மூதூருக்குப் பக்கத்திலுள்ள சம்பூர்க்காரர் கேட்டது காணி 'விடுவிப்பு'. 2006இல் போரால் இடம்பெயர்ந்து 2015இல் 818 ஏக்கர் விடுவிக்கப்படும்வரை அவர்கள் சொன்னது சொந்தக் காணியைப் பற்றி. அதைச் சிங்களப் பிரதியில் 'லபா தென்ன' (பெற்றுத் தாருங்கள்) என்று எழுதினால், காணியற்றவர் அரச காணி கேட்பதுபோல் ஆகிவிடும். பதிலும் அதற்கேற்ப மாற்றுக் காணி என்று வரும். 'நிதஹஸ் கரன்ன' (விடுவியுங்கள்) என்றே எழுத வேண்டும். சிங்களப் பிரதி இணைப்பது உதவியே தவிரக் கட்டாயம் இல்லை. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை, தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உரிமை தருகிறது. கிழக்கில் நிர்வாக மொழியே தமிழ். சிங்களத்தில் மட்டும் பதில் வந்தால், 1991ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு அதையே தனி முறைப்பாடாக அனுப்பலாம்.

கையளிக்கும் நாளில் எல்லோர் கண்ணும் கமராவில் இருக்கும். வாசலுக்கு வந்த உதவியாளர் வாங்குவார், படம் எடுப்பார்கள், கலைந்துபோவார்கள். படத்தில் கை இருக்கும். கோப்பில் கடதாசி இராது. இரண்டாம் பிரதியில் 'பெற்றுக்கொண்டேன்' முத்திரை, திகதி, தபால் பதிவேட்டு இலக்கம் மூன்றையும் வாங்காமல் திரும்பக் கூடாது. அன்றைக்கே பதிவுத் தபாலில் இன்னொன்று போட்டால் வாசலில் தவறியது அங்கே பிடிபடும். ஒரு மாதம் கழித்தும் அசைவில்லையென்றால் ஞாபகக் கடிதத்தைவிடக் கூர்மையானது 2016இன் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். "இன்ன இலக்க மகஜர்மேல் எழுதப்பட்ட குறிப்புகளின் பிரதி" என்று கேட்டால் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு.

இன்னொன்று, இதைத் தவறவிட்டால் திருத்த முடியாது. அடிப்படை உரிமை மீறலுக்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போக இருப்பது ஒரு மாதம். மகஜர் கொடுத்துக் காத்திருப்பது அந்தக் கணக்கை நிறுத்தாது. அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால் மட்டும், அங்கே விசாரணை நடக்கும் காலம் கழிக்கப்படும். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்பதைக் காட்டும் ஆணைக்குழுவின் கடிதமும் கையில் இருக்க வேண்டும். முறைப்பாட்டு இலக்கத்தை மட்டும் காட்டினால் போதாமல் போகலாம்.