கடையில் வாங்கும் மருந்து குடலில் என்ன செய்கிறது?

ஐபிஎஸ் எனப்படும் குடல் எரிச்சல் நோயில், குடலுக்குள் கேமரா செலுத்திப் பார்த்தாலும் புண்ணோ கட்டியோ தென்படாது. ஆனால் குடல் தசைகள் சுருங்கி விரியும் தாளம் பிசகியிருக்கும். சாதாரண அளவு வாயுவைக்கூட அங்குள்ள நரம்புகள் வலியாக உணரும். பல நாடுகளில் மருத்துவரின் சீட்டு இல்லாமலே கிடைக்கும் மருந்துகள் இந்த அடிப்படைக் கோளாறைத் தீர்ப்பதில்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு தொல்லையை மட்டுமே தணிக்கிறது. எது எதைத் தணிக்கும் என்பது தெரியாமல் வாங்குவதால்தான் பலருக்கு ஏமாற்றம் மிஞ்சுகிறது.

வயிற்றுப்போக்குக்கு வாங்கப்படும் லோபரமைடு, மயக்கம் தரும் வலி நிவாரணியான மார்ஃபினைப் போலவே ஓபியாய்டு ஏற்பிகளில் (செல்களில் இவ்வகை மருந்துகள் ஒட்டிக்கொள்ளும் புரதங்களில்) வேலை செய்வது. குடல் சுவரின் நரம்பு வலையில் உள்ள அந்த ஏற்பிகளில் ஒட்டிக்கொண்டு, தசையை முடுக்கும் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் வெளிப்படுவதை அது குறைக்கிறது; உள்ளிருப்பவை மெதுவாக நகர்வதால் நீரை உறிஞ்சக் குடலுக்கு நேரம் கிடைத்து, மலம் இறுகுகிறது. அப்படியானால் மயக்கம் ஏன் வருவதில்லை? மூளையின் ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள பி-கிளைக்கோபுரோட்டீன் என்னும் புரதம், உள்ளே நுழையப் பார்க்கும் லோபரமைடை மீண்டும் ரத்தத்துக்கே தள்ளிவிடுகிறது. இம்மருந்து போக்கை நிறுத்தினாலும் ஐபிஎஸ் வலியைப் பெரிதாகக் குறைப்பதில்லை. வலி போகவில்லையே என்று மாத்திரைகளைக் கூட்டுவது ஆபத்து: அளவு மீறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016இல் எச்சரித்தது.

நார்ச்சத்து மிகுந்த விதை உமியான இசப்கோல் வேறு வழியில் செல்கிறது. ஒரு தேக்கரண்டி உமியைத் தண்ணீரில் கலக்கிச் சில நிமிடங்கள் விட்டால் கொழகொழவென்று கெட்டிப்படும்; குடலிலும் அதுவே நடக்கிறது. அந்தக் கூழ் இறுகிய மலத்துக்கு ஈரம் தருகிறது, நீர்த்த மலத்தைத் திரட்டவும் செய்கிறது. போதிய நீரில்லாமல் விழுங்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடும். நார்ச்சத்து எல்லாம் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்: நீரில் கரையாத கோதுமைத் தவிடு சிலருக்கு உப்புசத்தைக் கூட்டிவிடுகிறது.

வலிக்கும் இசிவுக்கும் மிளகுக்கீரை (பெப்பர்மின்ட்) எண்ணெய் உதவலாம். அதிலுள்ள மெந்தால், தசைச் செல்களுக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்துத் தசையைத் தளர்த்துகிறது. இரைப்பையிலேயே வெளிப்பட்டால் உணவுக்குழாயின் கீழ்முனையை மூடும் தசை தளர்ந்து நெஞ்செரிச்சல் வரும் என்பதால், குடலை அடைந்த பிறகே கரையும் உறையில் அதை அடைக்கிறார்கள். ஆகவே மாத்திரையைக் கடிக்காமல் முழுதாக விழுங்க வேண்டும்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றை ஐபிஎஸ் கணக்கில் எழுதிவிடக் கூடாது. இவற்றுக்கு முதலில் வேண்டியது மருத்துவப் பரிசோதனை.