பியர்தானே, கிட்டத்தானே, வெறிதானே

ஞாயிறு விடிய இரண்டு மணி. ட்ரொலியில் இருபத்திரண்டு வயதுப் பொடியன் ஒருவன். மிஸ்ஸி கத்தரிக்கோலால் ஜீன்ஸை மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டு வருகிறார். வலது தொடை, மடங்கக்கூடாத இடத்தில் மடங்கியிருக்கிறது. கூட வந்த இருவரிடமும் வழமையான கேள்விகளைக் கேட்கிறேன்.

"குடிச்சவரோ?"

"இல்லை டொக்டர். பியர்தானே."

"எங்கை போனவர்?"

"கிட்டத்தானே. கொத்து வாங்க."

"ஹெல்மெட்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். ஹெல்மெட் இருந்திருக்கிறது, கண்ணாடியில் கொழுவியபடி.

யாழ்ப்பாணத்தில் விபத்துக் காயங்களோடு வருபவர்களைப் பார்க்கும் வேலையில் எனக்குப் பல வருடங்கள் போய்விட்டன. இந்தத் "தானே"யைக் கேட்காத வார இறுதிகள் குறைவு. ரிக்கற்றில் "மோட்டார் சைக்கிள் விபத்து" என்றுதான் எழுதுகிறேன். எழுத வேண்டியது அந்தச் சொல்லைத்தான் என்று பல இரவுகள் நினைத்திருக்கிறேன். (இங்கே வருபவர்கள் யாரென்று தெரியாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"குடிக்கவில்லை, பியர்தானே" என்று சொல்பவன் பொய் சொல்கிறான் என்று நான் நினைப்பதில்லை. அவன் அப்படித்தான் நம்புகிறான். எங்கள் ஊரில் குடி என்றால் சாராயம். கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி. பியர் என்பது சோடாவுக்கு அண்ணன் முறை. ஆனால் போத்தலில் ஒட்டியிருக்கும் லேபலைக் கொஞ்சம் பாருங்கள். எங்கள் கடைகளில் அதிகம் போகும் கடும் பியரில் மதுசாரம் 8.8 வீதம். பெரிய போத்தல் 625 மில்லிலீற்றர். பெருக்கிப் பார்த்தால் ஒரு போத்தலில் ஏறத்தாழ 43 கிராம் சுத்த மதுசாரம் வருகிறது. கால் போத்தல் சாராயத்தில், அதாவது 180 மில்லிலீற்றரில், இருப்பதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஒரு பெரிய பியர் குடித்துவிட்டு "சாராயம் தொடேல்லை" என்று சத்தியம் செய்பவன் கணக்கின்படி கால் போத்தலை இறக்கிவிட்டான்.

இலங்கைச் சட்டம் சாரதிக்கு வைத்திருக்கும் எல்லை, 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம். அறுபது கிலோ எடையுள்ள ஒரு பொடியன் வெறும் வயிற்றில் அந்த ஒரு போத்தலைக் கெதியாகக் குடித்தால், அந்த எல்லையைத் தாண்டப் போதும். அந்த 80 கூட பாதுகாப்பின் எல்லை அல்ல. பொதுவாக 50 என்றும், இளம் சாரதிகளுக்கும் புதிதாக ஓடுபவர்களுக்கும் 20 என்றும்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஓடிப் பழகாத கையில் கொஞ்ச மதுசாரமே கூட வேலை செய்யும்.

இன்னொன்று, இறங்கும் கணக்கு. ஈரல் மதுசாரத்தைத் தன்பாட்டுக்குத்தான் கரைக்கும். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம்தான் இறங்கும், ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும். தேசிக்காய், மோர், பிளேன்ரீ, கிணற்றடியில் நாலு வாளித் தண்ணி, எதுவும் ஈரலை அவசரப்படுத்தாது. நித்திரை வேண்டுமானால் கலையும். இரத்தத்தில் இருப்பது அப்படியே இருக்கும். இரவு எட்டு மணிக்குத் தொடங்கி அப்படி இரண்டு போத்தல் முடித்த அதே அறுபது கிலோப் பொடியன், விடிய நாலு மணிக்கு எழும்பி முகம் கழுவி, அக்காவைக் கொழும்பு பஸ்ஸுக்கு ஏற்றக் கிளம்பினால், அப்போதும் 80க்கு மேலேதான் இருப்பான். "இரவு குடிச்சது, படுத்து எழும்பிட்டன்" என்று சொல்லும் காலை நேரத்து விபத்துக்காரர்களையும் நான் பார்க்கிறேன்.

பியரைப் பற்றி இவ்வளவு உறுதியாக எழுதுகிறேனே, நான் என்ன யோக்கியனா? மாணவனாக இருந்த காலத்தில் ஒரு பிறந்தநாள் இரவு, கொக்குவிலில் இருந்து திருநெல்வேலிக்கு, பின்னால் ஒருவனை ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறேன். எந்த ஒழுங்கையால் வந்தேன் என்று அடுத்த நாள் ஞாபகம் வரவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் இதிலுள்ள பிரச்சினை. பத்துத் தரம் ஒன்றும் நடக்காமல் வீட்டுக்கு வந்தவன், பதினோராம் தரம் தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டு ஓடுகிறான்.

"கிட்டத்தானே" என்ற சொல்லுக்குள் ஹெல்மெட்டும் இருக்கிறது. கொழும்புக்குப் போகிறவன் போடுவான். ஆஸ்பத்திரி வீதிக்கு வருகிறவன் பொலிஸுக்குப் பயந்து போடுவான். சந்திக்கு கொத்து வாங்கப் போகிறவன் போடமாட்டான். ஆனால் யாழ்ப்பாணத்து வீதியின் ஆபத்தே கிட்டத்தில்தான். பெரிய வீதிக்கு இரண்டு பக்கமும் ஒழுங்கைகள். ஒழுங்கை முகப்பில் ஆள் உயர மதில், அல்லது கிடுகு வேலி, தகர வேலி. அதற்குள்ளால் சைக்கிளில் ஒரு அப்பு வெளியே வருகிறார். கட்டாக்காலி மாடு ஒன்று கார்பெட் வீதியின் சூட்டுக்கு நடுவில் படுத்திருக்கிறது. 80 கிலோமீற்றர் வேகத்தில் வருபவன் ஒரு வினாடியில் 22 மீற்றர் கடந்துவிடுவான். மாட்டைக் கண்டு, அது மாடுதான் என்று விளங்கி, பிரேக்கில் கால் வைக்கக் குடிக்காதவனுக்கே ஒரு வினாடி வேண்டும். குடித்தவனுக்கு ஒன்றரை என்று வையுங்கள். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே 33 மீற்றர் போய்விட்டது. அதற்குள் மாடும் முடிந்துவிடும், மனுசனும் முடிந்துவிடும்.

எனக்கு ஒரு எண்ணம் உண்டு. எங்கள் ஊருக்கு வேகம் புதிது. தொண்ணூறுகளில் இங்கே பெற்றோல் தடை. மண்ணெண்ணெயில் ஓடிய பழைய கார்களும், காரியரில் ஒருவர், பாரில் ஒருவர் என்று சைக்கிள்களுமே வாகனம். 1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தத்தால் ஊரோடு இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தவர்கள் அடி அடியாக நகர்ந்ததைச் சொல்வார்கள். யுத்தம் முடிந்து கண்டிக்குப் போகும் ஏ9 வீதி முழுதாகத் திறந்தது, வீதிகள் கார்பெட் ஆனது, லீசிங் கடைகள் வந்தது, வெளிநாட்டில் இருந்து மாமா காசு அனுப்பியது, எல்லாம் சில வருடங்களுக்குள் நடந்தவை. மகனுக்கு இன்று 150 சிசி. தகப்பன் பழகியது சைக்கிள். சமையலையும் தோட்டத்தையும் தாய் தகப்பனிடம் பழகிய பிள்ளைக்கு, "வல்லை வெளியில் காத்து பக்கவாட்டிலை அடிக்கும், மெதுவாப் போ" என்று சொல்லித் தர வீட்டில் அனுபவம் உள்ள ஆள் இல்லை. வெளி என்றால் அவனுக்கு அது அக்ஸிலேற்றர் முறுக்கும் இடம். இதை வைத்து தகப்பன்மாரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் பாடசாலைச் சோதனை பாஸ் பண்ணியதற்காக லைசன்ஸுக்கு முதலே மோட்டார் சைக்கிள் எடுத்துக் கொடுக்கும் வீட்டைப் பார்க்கும்போது கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

ஒருமுறை வோட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் இருவர். ஒருவர் அறுபது வயதைத் தாண்டிய, மரமேறிக் கள்ளுச் சீவும் தொழிலாளி. மழைக்குப் பிறகு மரம் வழுக்கி, இருபது அடியில் இருந்து விழுந்து இடுப்பும் காலும் முறிந்தவர். மற்றவன் லைட் போஸ்டில் மோதிய பொடியன். ரவுண்ட்ஸ் போகும்போது பெரியவர் அவனை விசாரித்துக்கொண்டிருந்தார்.

"எத்தனையிலை வந்தனி தம்பி?"

"எண்பதிலை இருக்கும் ஐயா."

அவருக்கு அது என்ன வேகம் என்று பிடிபடவில்லை. நான் இடையில் புகுந்து உயரத்தில் சொன்னேன். ஓடிவரும் வேகத்தை விழும் உயரமாக மாற்றலாம், பாடசாலைப் பௌதிகம்தான். 40 கிலோமீற்றரில் நேரே போய் ஒரு மதிலில் மோதுவது, இருபது அடியில் இருந்து நிலத்தில் விழுவதற்குச் சமம். உங்கள் விழுகை அது. 60 என்றால் நாற்பத்தைந்து அடிக்கு மேல். 80 என்றால் எண்பது அடிக்கும் கொஞ்சம் கூட. வேகம் இரண்டு மடங்கானால் உயரம் நாலு மடங்கு. பிரேக் கொஞ்சம் பிடித்தால், சறுக்கிக்கொண்டு போனால் அந்தளவுக்குக் குறையும். அதனால்தான் தம்பி இப்போது கதைத்துக்கொண்டிருக்கிறார்.

பெரியவர் முகட்டைப் பார்த்து யோசித்தார். "அப்ப மரத்து உச்சி வட்டுக்குள்ளையிருந்து விழுந்த கணக்கு" என்றார். பிறகு அவன் பக்கம் திரும்பி, "குடிச்சனியோ?"

"கொஞ்சம்."

"நாங்கள் மரத்திலைதான் கள்ளு எடுக்கிறம். ஏற முதல் ஒருநாளும் தொடுறேல்லை தம்பி. இறங்கினாப் பிறகுதான். காலிலை தளநார் போடாமல் ஏறினதும் இல்லை."

பொடியன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். தளநாரோடு ஹெல்மெட் பட்டியை ஒப்பிட்டு ஒரு விளக்கம் கொடுக்க எனக்கு வாய் உன்னியது. பெரியவர் சொன்னதே போதும் என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அதை இங்கே சொல்லிவிடுகிறேன்: ஹெல்மெட் தலைக்காயத்தை 69 வீதமும் சாவை 42 வீதமும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கணித்திருக்கிறார்கள். பட்டி பூட்டாத ஹெல்மெட் விழும்போது தலைக்கு முதல் கழன்று ஓடிவிடும். வீதியோரத்தில் அது உருண்டு கிடந்ததை மட்டும் பலர் கண்டிருக்கிறார்கள்.

இனி மூன்றாவது "தானே". என்னை ஆகக் கூடுதலாக வருத்துவது அதுதான்.

ஒருவனை மறக்கமுடியவில்லை. பார்ட்டி முடிந்து வரும்போது வளைவொன்றில் விழுந்திருக்கிறான். சேட் கிழிந்தது, நெற்றியின் பக்கவாட்டில் ஒரு வீக்கம். எழும்பி நின்று கதைத்திருக்கிறான், பகிடியும் விட்டிருக்கிறான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பொலிஸ் வரும், வீட்டுக்குத் தெரியவரும் என்று கூட்டாளிகள் யோசித்திருக்கிறார்கள். பைப்படியில் முகத்தைக் கழுவிவிட்டு, பதினொரு மணிக்கு வீட்டு கேற்றடியில் கொண்டுபோய் விட்டார்கள். தாய் கதவைத் திறந்தார். மணந்தது. கோபத்தில் ஒன்றும் பேசாமல் பாயை விரித்துக் கொடுத்தார். ஒரு தரம் சத்தி எடுத்தான். வெறிதானே என்று துடைத்துவிட்டார். இரண்டு மணிபோல் குறட்டை கேட்டது, "நல்ல நித்திரை" என்று நினைத்தாராம். ஐந்து மணிக்குத் தட்டி எழுப்பினால் எழும்பவில்லை.

அது நித்திரைக் குறட்டை அல்ல. மண்டையோடு அடிபடும்போது அதன் உட்பக்கத்தில் ஓடும் நாடி கிழிந்து, எலும்புக்கும் மூளையைச் சுற்றிய உறைக்கும் இடையில் இரத்தம் மெல்ல மெல்லச் சேரும். முதலில் ஆள் நன்றாக இருப்பான். கதைப்பான், நடப்பான். ஒரு மணித்தியாலமோ சில மணித்தியாலங்களோ கழித்து, சேர்ந்த இரத்தம் மூளையை நெரிக்கத் தொடங்கும். மயக்கம், சத்தி, பிறகு தொண்டை தளர்ந்து குறட்டை போன்ற மூச்சு. நேரத்தோடு வந்தால் ஓட்டையொன்று போட்டு இரத்தத்தை எடுத்துவிடலாம். தலைக்காயங்களில் ஆளைத் திருப்பி எடுக்கக் கூடியது இது. ஆனால் மதுசாரத்தின் வெறியும் இதே வேடத்தில்தான் வரும். எது எது என்று எங்களாலேயே சி.ரி. ஸ்கான் இல்லாமல் அடித்துச் சொல்ல முடியாது. குடித்தவன் தலை அடிபட்டு வந்தால், அந்த மயக்கம் காயத்தால் என்று எடுத்துக்கொண்டுதான் நாங்கள் வேலை செய்கிறோம். வீட்டிலும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

குடித்துவிட்டு விழுந்து தலை அடிபட்டால், எழும்பி நின்று பகிடி விட்டாலும் அன்றிரவே கொண்டுவாருங்கள். திரும்பத் திரும்பச் சத்தி, காதாலோ மூக்காலோ இரத்தமோ தண்ணியோ, ஒரு கண்ணின் கருமணி மற்றதைவிடப் பெரிது, கேட்டதையே கேட்டுக்கொண்டிருப்பது, தட்டினாலும் சரியாக முழிக்காதது: இவற்றில் ஒன்று இருந்தால் விடியும் வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் வரும். காசு கேட்கமாட்டார்கள். 2018 முதல் வடக்கிலும் ஓடுகிறது. வீதியில் கிடப்பவனை இரண்டு பேருக்கு நடுவில் நெரித்து மோட்டார் சைக்கிளில் ஏற்றாதீர்கள். கழுத்தெலும்பு உடைந்திருந்தால் அந்தப் பயணத்திலேயே கை கால் போய்விடும். மயங்கிக் கிடப்பவன் வாயில் தண்ணி ஊற்றவும் வேண்டாம்.

பொலிஸ் பயத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வழக்கு வரலாம், லைசன்ஸ் போகலாம். அதை மறைத்துச் சொல்லி ஆட்களைக் கூப்பிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் விடிய ஏழு மணிக்கு நினைவில்லாமல் கொண்டுவந்தாலும் அதே பொலிஸ் வரத்தான் போகிறது.

பார்ட்டி வைக்கும் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. 21 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு மதுபானம் விற்பதே சட்டப்படி குற்றம். உங்கள் வீட்டு மேசையில் அதை வைத்தால் கடைக்காரனைவிட நீங்கள் நல்லவர் ஆகிவிட மாட்டீர்கள். பெரியவர்களும் குடித்தால், போத்தலை உடைக்கும் முதல் மோட்டார் சைக்கிள் திறப்புகளை ஒரு சட்டியில் வாங்கி வையுங்கள். ஓட்டோக்காரர் ஒருவரின் இலக்கம் சுவரில் இருக்கட்டும். மோட்டார் சைக்கிள் இரவு உங்கள் முற்றத்தில் நின்றால் துருப்பிடிக்காது. "அவன் கேக்கமாட்டான் டொக்டர்" என்கிறார்கள். திறப்பு அவன் கையில் இருக்கும்போது கேட்கமாட்டான்தான்.

குறட்டை விட்ட அந்தப் பொடியன் பிழைத்தான். வலது கை பாதிதான் வேலை செய்கிறது. சொற்கள் வாய்க்குள் வந்து நின்றுவிடும். மாதாமாதம் கிளினிக்குக்கு வருகிறான். கூட்டிக்கொண்டு வருவது, அன்றிரவு அவனைக் கேற்றடியில் விட்ட கூட்டாளிகளில் ஒருவன். ஓட்டோவில்தான் வருவார்கள். நாலைந்து மாதமாக என்னைப் பார்த்து ஒன்றும் பேசாமல் இருந்தவன், ஒருநாள் மற்றவனைக் கதிரையில் இருத்திவிட்டு என் மேசைக்குக் கிட்ட வந்தான்.

"டொக்டர், அண்டைக்கு இரவே கொண்டுவந்திருந்தா…?"

எத்தனையோ தாய்மாருக்கு நான் பூசி மெழுகிச் சொல்லியிருக்கிறேன். இவனுக்குச் சொல்ல வரவில்லை. "ஓம்" என்றேன்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டு திரும்பிப்போய், கூட்டாளியின் காலில் கழன்றிருந்த செருப்பைக் குனிந்து மாட்டிவிட்டான்.