நெகட்டிவ் இரத்த வகைத் தாய்மார்கள் 72 மணி நேரத்துக்குள் கேட்டுப் பெற வேண்டியவை

தாயின் இரத்தம் ஓ நெகட்டிவ், பி நெகட்டிவ் என எந்த நெகட்டிவ் வகையாக இருந்தாலும், பிரசவத்துக்குப் பிறகு அவருக்கு ஆன்டி-டி ஊசி தேவையா இல்லையா என்பதைப் பிறந்த குழந்தையின் இரத்த வகைதான் முடிவு செய்கிறது. குழந்தை பாசிட்டிவ் என்றால், குழந்தை பிறந்த 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஊசி போட வேண்டும். போடாவிட்டால், பிரசவத்தின்போது தாயின் உடலுக்குள் கலந்த குழந்தையின் இரத்த அணுக்களுக்கு எதிராக அவர் உடலில் எதிர்ப்பொருள் உருவாகி, அடுத்த கருவின் இரத்த அணுக்களை அழிக்கத் தொடங்கிவிடலாம். முதல் குழந்தைக்கு ஒன்றும் ஆகாததால் யாரும் கவனிப்பதில்லை. இரண்டாவது குழந்தை கடும் இரத்தசோகையுடனோ, பிறந்த அன்றே மஞ்சள் காமாலையுடனோ பிறக்கும்போதுதான், முந்தைய பிரசவத்தில் ஊசி போட்டார்களா என்ற கேள்வி எழுகிறது.

2011 ஜூன் 1 அன்று தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் என்ற மத்திய அரசுத் திட்டத்தின்படி, அரசு மருத்துவமனையில் பிரசவிக்கும் தாய்க்கும் பிறந்த குழந்தைக்கும் பரிசோதனை, மருந்து, அறுவை சிகிச்சை, இரத்தம், உணவு, வாகனம் எதற்கும் பணம் வாங்கக் கூடாது. 2014-இல் கர்ப்பகால, பிரசவத்துக்குப் பிந்தைய சிக்கல்களும், ஒரு வயது வரையிலான குழந்தையின் நோய்களும் இதில் சேர்க்கப்பட்டன. ஆன்டி-டி ஊசி தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. விதி இவ்வளவுதான், சிக்கல் முழுவதும் வார்டுக்கும் ஆய்வகத்துக்கும் மருந்தகத்துக்கும் இடையில் நடக்கிறது.

முதலில், தகுதி என்ற பெயரில் வரும் தடை. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பதற்கான சான்று இருக்கிறதா, இது எத்தனையாவது பிரசவம் என்று கேட்பவர்கள், பணம் வழங்கும் வேறொரு திட்டத்தின் நிபந்தனைகளை இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். இந்தத் திட்டத்தில் வருமான வரம்பும் இல்லை, குழந்தைகளின் எண்ணிக்கை வரம்பும் இல்லை. தாய்வீட்டில் பிரசவத்துக்கு வந்த பெண்ணிடம், பதிவு செய்த ஊருக்கே போய் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்வதும் தவறு; பிரசவம் நடந்த அரசு மருத்துவமனையே அதைச் செய்ய வேண்டும். தாய் சேய் நல அட்டையும், கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் பிக்மி எண்ணும் கையில் இருந்தால் வாக்குவாதம் குறையும் என்பதால் அவற்றை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். தனியார் மருத்துவமனையில் பிரசவித்தால் இந்த உரிமை எதுவும் பொருந்தாது.

அடுத்தது, நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் குளறுபடி. பிறந்த குழந்தைக்குப் பெயர் இருக்காது; ஆகவே தொப்புள்கொடியிலிருந்து எடுத்த இரத்தம் உள்ள சோதனைக் குழாயின் மேல் தாயின் பெயரைத்தான் எழுதுவார்கள், அதற்கு முன்னால் 'பேபி ஆஃப்' என்று சேர்க்க வேண்டும். அவசரத்தில் அந்த இரண்டு சொற்கள் விடுபட்டால், தாயுடையதும் குழந்தையுடையதுமாக ஒரே பெயரில் இரண்டு குழாய்கள் ஆய்வகத்துக்குப் போகின்றன. திரும்பி வரும் சீட்டில் தாயின் பெயரும் 'நெகட்டிவ்' என்ற முடிவும் மட்டும் இருக்க, அதைக் குழந்தையின் முடிவாக எடுத்துக்கொண்டு 'குழந்தையும் நெகட்டிவ்தான், ஊசி வேண்டாம்' என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுகிறார்கள். எனவே வாய்மொழியாகச் சொல்வதை ஏற்காமல் சீட்டை வாங்கிப் பாருங்கள். அது குழந்தையின் மாதிரி அல்லது தொப்புள்கொடி இரத்தம் என்று குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும்; எடுத்த தேதியும் நேரமும் பிரசவத்துக்குப் பிந்தையவையாக இருக்க வேண்டும். ஐயம் இருந்தால் குழந்தையின் குதிகாலிலிருந்தோ இரத்த நாளத்திலிருந்தோ மீண்டும் இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லலாம். இதே இரத்த மாதிரியில் டிசிடி என்ற கூம்ஸ் பரிசோதனையையும், ஹீமோகுளோபின் அளவையும், மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபின் அளவையும் கேளுங்கள். குழந்தைக்கு ஏற்கெனவே பாதிப்பு தொடங்கியிருக்கிறதா என்பதை அவைதான் காட்டும்.

நாள் கணக்கையும் நீங்களே வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குக் குழந்தை பிறந்தால், திங்கட்கிழமை இரவு ஒன்பது மணியோடு 72 மணி நேரம் முடிகிறது. இடையில் ஞாயிறு ஆய்வகத்தில் ஆள் இருக்க மாட்டார்; சுகப்பிரசவம் என்றால் 48 மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்; 'ரிசல்ட் வந்ததும் கூப்பிடுகிறோம்' என்பார்கள், கூப்பிட மாட்டார்கள். குழந்தையின் இரத்த வகை எழுதப்படாத டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியேறாதீர்கள். முடிவு நேரத்துக்குள் வராது என்று தெரிந்தால், குழந்தையைப் பாசிட்டிவ் என்று கொண்டு ஊசியைப் போட்டுவிடுவதே மருத்துவ நடைமுறை. 'ரிப்போர்ட் இல்லாமல் போட முடியாது' என்ற பதிலோடு திரும்பாமல் பணியிலிருக்கும் மகப்பேறு மருத்துவரிடம் இதை நேரடியாகக் கேளுங்கள். கெடு தாண்டிவிட்டது என்பதற்காக விட்டுவிடவும் வேண்டாம். தாமதமாகப் போட்டாலும் ஓரளவு பலன் உண்டு, அதை மருத்துவர் முடிவு செய்வார்.

பிறகு, 'ஸ்டாக் இல்லை, வெளியில் வாங்கி வாருங்கள்' என்ற துண்டுச் சீட்டு. இருப்பில் இல்லாத மருந்தை நோயாளர் நலச் சங்க நிதியிலிருந்து மருத்துவமனையே வாங்கித் தர வழி இருக்கிறது என்பதை வார்டில் யாரும் சொல்வதில்லை. நிலைய மருத்துவ அலுவலரிடமோ கண்காணிப்பாளரிடமோ அதைக் கேளுங்கள். பலன் இல்லையென்றால் 104 மருத்துவ உதவி எண்ணை அழையுங்கள். ஆனால் கெடு நெருங்கினால் சண்டையைத் தள்ளிவைத்துவிட்டு ஊசியை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். விலை சில ஆயிரம் ரூபாய் ஆகும், எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்காது. இது 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டிய மருந்து என்பதால், ஐஸ் வைத்துக் கட்டித் தரச் சொல்லி நேராக வார்டுக்குக் கொண்டுவாருங்கள். பில்லையும் அந்தத் துண்டுச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். அந்தச் சீட்டில் மருத்துவமனை முத்திரை இருக்காது. வேண்டுமென்றேதான் வெறும் தாளில் எழுதுகிறார்களோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

'குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டாயிற்று, இனி எதற்கு ஊசி' என்பதும் அடிக்கடி கேட்கும் வாதம். நாளைக்கு அந்தத் தாய்க்கே அவசரமாக இரத்தம் ஏற்ற நேர்ந்தால் உடலிலுள்ள எதிர்ப்பொருள் பொருத்தமான இரத்தம் கிடைப்பதைச் சிக்கலாக்கும். எனவே ஊசியைத் தவிர்க்க இது காரணமாகாது. கருச்சிதைவு, கருக்கலைப்பு, கருக்குழாயில் கரு தங்குதல், கர்ப்பகால இரத்தப்போக்கு ஆகியவற்றுக்குப் பிறகும் ஊசி தேவைப்படலாம் என்பதால், அப்போது தாயின் இரத்த வகையை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். கருப்பையைச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி முடித்து அன்றே வீட்டுக்கு அனுப்பும் இடங்களில் இது எளிதாக விட்டுப்போகிறது.

கர்ப்பமாக இருக்கும்போதே ஐசிடி என்ற பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். தாயின் உடலில் எதிர்ப்பொருள் ஏற்கெனவே உருவாகிவிட்டதா என்று அது காட்டும். உருவாகியிருந்தால் ஊசி பயன்படாது, பெரிய மருத்துவமனையில் தொடர் கண்காணிப்புதான் வேண்டும். உருவாகவில்லையென்றால் 28-ஆவது வாரத்தில் ஒரு ஊசி போடப் பரிந்துரை உண்டு. அதைப் போட்டாகிவிட்டது என்று காட்டிப் பிரசவத்துக்குப் பிந்தைய ஊசியை மறுப்பார்கள். இரண்டும் வெவ்வேறு, குழந்தை பாசிட்டிவ் என்றால் இரண்டாவதும் வேண்டும். ஒவ்வொரு முறையும் தேதி, அளவு, பேட்ச் எண் ஆகியவற்றைத் தாய் சேய் நல அட்டையில் எழுதி வாங்குங்கள்.

வெளியில் வாங்க வைத்ததற்கான புகாரை 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணில் பதிவு செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 'மருந்து இருப்பில் இருந்தது, நோயாளி கேட்கவில்லை' என்ற பதில் வந்து கோப்பு மூடப்படும். அதற்காகவே, பத்து ரூபாய்க் கட்டணத்துடன் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு போடுங்கள். பிரசவ நாளிலும் அடுத்த மூன்று நாட்களிலும் ஆன்டி-டி ஊசியின் இருப்புப் பதிவேட்டு நகலை மட்டும் கேளுங்கள். காரணம் எதையும் கேட்காதீர்கள், காரணம் கேட்டால் மனுவைத் தட்டிக்கழிப்பார்கள். 30 நாட்களுக்குள் அவர்கள் பதில் தந்தாக வேண்டும்.